கூடுதலாக ஒரு டியூப்: டிரையத்லானும் விசுவாசமும் (வாசகர் கேள்வி பதில்)

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் முடிக்கும் டிரையத்லான் பற்றிக் சிங்கப்பூர்க் கிறிஸ்தவ வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான கடிதங்களில் பயிற்சி அட்டவணையைவிட மனச்சாட்சிதான் அதிகம் பேசியது. பதில்களையும் அதற்கேற்பவே எழுதியிருக்கிறோம்.

அடுத்த மாதம் முதன்முறையாக ஒலிம்பிக் தூரம் (1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம்) போகிறேன். சென்ற ஆண்டு குறுந்தூரப் போட்டியில் ஒருவர் பஞ்சர் ஆகி ஓரமாக நின்றார். நான் நிற்காமல் போய்விட்டேன். நல்ல சமாரியன் உவமையில் விலகிப் போன ஆசாரியன் நான்தானோ என்று உறுத்துகிறது. போட்டியில் உதவ விதி இடம் கொடுக்கிறதா?
வாசகர், பாசிர் ரிஸ்

கொடுக்கிறது. எதுவரை என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சர்வதேச அமைப்பான வேர்ல்டு டிரையத்லானின் விதிகளின்படி, ஒரே போட்டியில் இருப்பவர்கள் தங்களுக்குள் தண்ணீர், சக்தி தரும் ஜெல், டியூப், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகியவற்றைக் கொடுத்து வாங்கலாம். சக்கரம், ஹெல்மெட், சைக்கிள் போன்றவை வேறு கணக்கு. கொடுத்தவரே மேற்கொண்டு போட்டியிட முடியாமல் போகும் பொருளைக் கொடுத்தால் இருவருக்கும் தகுதிநீக்கம். இன்னொருவரைத் தள்ளியோ இழுத்தோ தாங்கியோ முன்னே நகர்த்தினாலும் அதே தண்டனைதான். ஓரத்தில் நிற்கும் உங்கள் நண்பர் டியூப் நீட்டினால் அது வெளியுதவி, வாங்கக் கூடாது.

2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவுப் போட்டியில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். முன்னணியில் ஓடிய பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லி கடைசிச் சில நூறு மீட்டரில் வெக்கை தாங்காமல் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து, கோட்டுக்கு முன்னே தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாம் இடம், அண்ணனுக்கு மூன்றாம் இடம். அன்று விதி அதைத் தடுக்கவில்லை. பிறகு மாற்றிவிட்டார்கள். இன்று அப்படிச் செய்தால் இருவர் பெயரும் பட்டியலில் இருக்காது.

இது இரக்கத்துக்கு எதிரான விதி என்று நாங்கள் நினைக்கவில்லை. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டு இடத்திலும் ‘பாரம்’ என்றே இருப்பதால் முரண் போலத் தெரியும். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. முதலில் வருவது ‘பாரோஸ்’, ஆளை அழுத்தும் சுமை. அடுத்தது ‘ஃபோர்டியன்’, அவரவர் தோளில் போட்டுக்கொள்ளும் மூட்டை. 40 கிலோமீட்டர் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் அவரவர் மூட்டை. அதை நாம் சுமந்துவிட்டால் அவர் வந்ததற்கே பொருள் இல்லை. கையில் டியூப் இல்லாமல் வெயிலில் நிற்பது அழுத்தும் சுமை. அதில் கை கொடுக்கலாம்.

அந்த உவமையில் வழியில் கிடந்தவர் குற்றுயிராய்க் கிடந்தார். பஞ்சர் ஆனவர் அப்படியில்லை. ஆகவே ஒவ்வொரு பஞ்சருக்கும் இறங்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து “எல்லாம் இருக்கா?” என்று கேளுங்கள். மூன்று விநாடி வேலை. கட்டைவிரலை உயர்த்தினால் போய்க்கொண்டே இருங்கள். இல்லை என்று தலையாட்டினால் இடப்பக்கம் பாதையை விட்டு முழுக்க இறங்கி நில்லுங்கள். பாதையிலேயே நின்று உதவப் போய்ப் பின்னால் வருபவரை விழவைத்தால் ஒரு சுமை இரண்டாகிவிடும். விழுந்து அடிபட்டவர், ரத்தம் வருபவர், பேச்சு குழறுபவர் என்றால் கேள்வியே வேண்டாம், நில்லுங்கள்.

இதற்கான ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகிறது. சீட்டுக்கு அடியில் உள்ள பையில் டியூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, டயரைச் சட்டென்று நிரப்ப 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி இரண்டு, கைப்பம்ப் ஒன்று. உங்களுக்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. ஒரே டியூபோடு போகிறவர் கொடுக்கவும் தயங்குவார், கொடுத்த பிறகு மிச்ச வழியெல்லாம் பயந்துகொண்டே மிதிப்பார். கொடுக்கும் டியூபின் வால்வு நீளமாக இருக்கட்டும், 60 மில்லிமீட்டராவது. விளிம்பு ஆழமான சக்கரத்தில் குட்டை வால்வு வெளியே எட்டாது. நீள வால்வு பெரும்பாலான சக்கரங்களுக்கு ஆகும்.

அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஓட்டையான டியூபை உருவி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக் காற்றடித்துவிடுவார்கள். ஐந்தாவது நிமிடம் அதுவும் இறங்கிவிடும். டயரின் உள்பக்கத்தை ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கேதான் கண்ணாடிச் சில்லோ மெல்லிய கம்பியோ குத்தி நிற்கும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்த பிறகே புது டியூப். பழைய டியூபில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை தெரிந்தால் குற்றம் சில்லில் இல்லை. காற்று குறைவாக இருந்த டயர் பள்ளத்தில் இடித்து, டியூப் விளிம்பில் நசுங்கியிருக்கிறது. புது டியூபைச் செருகுமுன் வாயால் கொஞ்சம் ஊதி உருண்டையாக்கிக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. குப்பியைத் திறந்ததும் உலோகம் உறைந்துவிடும், வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதற்கும் அந்தக் காலுறையே போதும். கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். அதனால் மறுநாள் டயர் தளர்ந்திருந்தால் இன்னொரு பஞ்சர் என்று பதற வேண்டாம். அதை வெளியேற்றிவிட்டுப் பம்பால் அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடலில் பக்கத்தில் நீந்துபவர் தத்தளித்தால் என்ன செய்வது? நான் நன்றாக நீந்துவேன், ஆனால் உயிர்காப்புப் பயிற்சி இல்லை.
வாசகர், பிடோக்

உங்கள் கடைசி வாக்கியத்தை மறக்காமல் படியுங்கள். பயந்துபோனவர் எட்டியதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பார். அவர் பிடிக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, முகத்துக்கு நேராக, உரத்த குரலில் பேசுங்கள்: “மல்லாந்து படுங்க. மூச்சை நல்லா வெளியே விடுங்க.” தொடக்கச் சத்தம் கேட்டதும் தலைதெறிக்க நீந்தி, மூச்சை வெளியே விடாமல் அடக்கிக்கொள்வதுதான் பல பதற்றங்களின் மூலம். கழுத்தை இறுக்கும் உடையும் ஈஸ்ட் கோஸ்ட் கடலின் கலங்கலான நீரும் சேர்ந்துகொள்ளும். கை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீரில் நான்கு பேர் மோதினால் பழகியவருக்கே நெஞ்சு அடிக்கும். பெரும்பாலானோர் மல்லாந்து இருபது மூச்சு விட்டால் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

அதே நேரத்தில் உங்கள் ஒரு கையைச் செங்குத்தாக உயர்த்தி ஆட்டி, காவலுக்கு வரும் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை அழையுங்கள். கயாக்கையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாற விதி அனுமதிக்கிறது. அதைப் பிடித்தபடி முன்னே நகரத்தான் கூடாது. இது தெரியாமல், பிடித்தால் போட்டி போய்விடும் என்று பயந்து தவிப்பவர்கள் நிறைய. “பிடிச்சுக்கலாம், தப்பில்லை” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையே பெரிய உதவி.

கத்துகிறவரைவிடச் சத்தமில்லாதவரைக் கவனியுங்கள். உண்மையில் மூழ்குபவரால் கூப்பிட முடியாது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், கால் உதைக்காது. கேட்டால் பதில் வராது. அப்போது கயாக் வரும்வரை பின்புறமாகப் போய் அக்குளுக்கடியில் தாங்கி முகத்தை மேலே வைக்கலாம். முன்புறமாக நெருங்கவே வேண்டாம். மிதக்கும் பொருள் எது கிடைத்தாலும் முதலில் அதைத் தள்ளிக் கொடுங்கள். இருமும்போது இளஞ்சிவப்பு நுரை வருகிறது, மூச்சு இரைப்பு அடங்கவில்லை என்றால் அது பதற்றம் அல்ல, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அவர் கரையேறியே ஆகவேண்டும். “கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம்” என்று தைரியம் சொல்லாதீர்கள்.

ஜெபம்? தாராளமாக. கையை உயர்த்திய பிறகு.

போட்டிகள் ஞாயிறு காலையில்தான் வருகின்றன. ஆராதனைக்குப் போவதா, போட்டிக்குப் போவதா? என் அம்மாவுக்கு இதில் மிகுந்த வருத்தம்.
வாசகி, உட்லண்ட்ஸ்

அம்மாவின் வருத்தத்தைப் பழங்காலத்து எண்ணம் என்று ஒதுக்காதீர்கள். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓடவில்லை. 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வென்றார். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் கடைசி நேரத்தில் முடிவெடுக்கவில்லை. அட்டவணை மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, மீதி நாட்களை 400 மீட்டருக்குப் பழகச் செலவிட்டார். பின்னர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் ஜப்பானியர் தடுப்பு முகாமில் இறந்தார். ஓய்வுநாளை அவ்வளவு உறுதியாகக் காத்தவர், அந்த முகாமில் பிள்ளைகள் சண்டையில்லாமல் விளையாடுவதற்காக ஞாயிறன்றும் நடுவராக நின்றார் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கத்தோலிக்கர் என்றால் திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு கடமை நிறைவேறும். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் போதகரிடம் நேரில் பேசுங்கள். மாலை ஆராதனையோ வேறு மொழி ஆராதனையோ இருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டி நாட்களை நாட்காட்டியில் குறித்து, பாடகர் குழு, ஞாயிறு பள்ளிப் பொறுப்பு எதனோடு மோதுகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு போட்டி என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

உண்மையில் ஆராதனையைத் தின்பது போட்டி அல்ல, பயிற்சி. ஞாயிறுதோறும் நீண்ட சைக்கிள் பயணம், அதன் பிறகு அடித்துப் போட்டதுபோல் தூக்கம். ஒலிம்பிக் தூரத்துக்கு 12 முதல் 16 வாரம், வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் போதும். நீச்சல் இரண்டு, சைக்கிள் இரண்டு, ஓட்டம் இரண்டு. நீண்ட சைக்கிளைச் சனி விடிகாலை ஐந்தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். ஞாயிறு முழு ஓய்வு. இதைச் சமரசமாக நினைக்க வேண்டாம். உழைத்த தசை பலப்படுவதே ஓய்வில்தான். ஏழு நாளும் பழகுகிறவருக்கு ஆறாவது வாரத்தில் முழங்காலிலோ கணைக்கால் எலும்போரத்திலோ வலி தொடங்குவதற்கு இந்த ஓய்வின்மையே காரணம். ஆனால் காலின் முன்னெலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஒருநாள் ஓய்வு போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

ஓட்டத்தில் ஒருவர் தள்ளாடினால் தண்ணீர் கொடுத்தால் போதுமா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

முதலில் பேச்சுக் கொடுங்கள். “இன்னிக்கு என்ன கிழமை? உங்க பேர் என்ன?” சரியாகப் பதில் சொல்லி, தலைசுற்றல் மட்டும் என்கிறாரா, நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தித் தண்ணீர் கொடுக்கலாம். பதில் குழறுகிறது, எரிந்து விழுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றால் அதை வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை கொட்டிக்கொண்டிருப்பதால் வெப்பத்தாக்கு இல்லை என்று நினைப்பது ஆபத்தான தவறு. நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துதான் போகும், உடலைக் குளிர்விக்காது.

நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். ஒருவர் அவரோடு இருக்க, இன்னொருவர் 995ஐ அழைத்து, அருகில் உள்ள கார் நிறுத்துமிடத்தின் எழுத்தையும் எண்ணையும் சொல்லட்டும். “ஈஸ்ட் கோஸ்ட் பார்க்” என்று மட்டும் சொன்னால் போதாது, அது பல கிலோமீட்டர் நீளம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழல், சட்டையைக் கழற்றுதல், உடல் முழுக்கத் தண்ணீர், இடைவிடாத விசிறல், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ். தண்ணீர் நிலையத்தில் ஐஸ் போட்ட பெரிய தொட்டி இருந்தால் கழுத்துவரை இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்வதே சிறந்தது. முதல் அரை மணி நேரத்தில் எவ்வளவு குளிர்விக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை இதில் வேலை செய்யாது.

நீங்கள் அங்கே இழக்கும் இருபது நிமிடம் முடிவுப் பட்டியலில் அப்படியே நிற்கும். அதற்கு யாரும் விளக்கம் எழுதமாட்டார்கள். நிற்பதற்கு முன்பே இதை ஏற்றுக்கொண்டு நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் உள்ள ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்காக, போட்டியில் ஓடி நிதி திரட்ட விரும்புகிறோம். சபை நண்பர்கள் சமூக ஊடகத்தில் போட்டால் போதும் என்கிறார்கள்.
வாசகர், ஈசூன்

போதாது, பொறுங்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவாக 80க்கு 20 என்ற நிபந்தனையும் உண்டு. திரட்டும் நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும். குடும்பம், நெருங்கிய நட்பு வட்டத்துக்குள் கேட்பது வேறு, யாரும் பார்க்கும் பதிவில் கேட்பது வேறு. விண்ணப்பித்துவிட்டுத் தொடங்குங்கள். உண்டியலோடு தெருவில் நிற்பதற்குத் தனி உரிமம் உண்டு.

உள்ளூர் அறநிறுவனத்துக்கு என்றால் கிவிங் டாட் எஸ்ஜி தளத்தில் உங்கள் போட்டிக்கென ஒரு பக்கம் திறக்கலாம். பணம் உங்கள் கைக்கு வராமல் நேரே போகும், அதுவே பெரிய நிம்மதி. பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற நிறுவனம் என்றால், தகுதியுள்ள நன்கொடைக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். நிதி திரட்டும் செலவு வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது.

இன்னும் இரண்டு, இவை சட்டம் அல்ல, எங்கள் கருத்து. போட்டிக் கட்டணம், விமானச் சீட்டு, சைக்கிள் செலவு மூன்றையும் சொந்தக் காசில் கட்டிவிட்டு அதைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். “நான் முடித்தால் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். வாந்தியெடுத்துப் பாதியில் நிற்கும் நாளிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

உடையில் வசனம் அச்சிடலாமா?
வாசகர், செங்காங்

பதிவு செய்யும்போதே ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒலிம்பிக் அரங்குகளில் சமயப் பிரசாரத்தை ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதி தடுக்கிறது, மற்றப் போட்டிகளிலும் கட்டுப்பாடு இருக்கலாம். தொடக்கக் கோட்டில் கண்மூடி ஜெபிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. துண்டுப் பிரசுரம் கொடுப்பது வேண்டாம். அந்த நேரத்தில் அடுத்தவர் தன் நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் சபையில் பார்வையிழந்த சகோதரர் ஒருவர் டிரையத்லான் செய்ய ஆசைப்படுகிறார். வழிகாட்டியாகப் போகலாமா?
வாசகர், தெம்பனிஸ்

போங்கள். ஆனால் ஒரு தகுதி வேண்டும்: அவரைவிட நீங்கள் தெளிவாக வேகமானவராக இருக்க வேண்டும். அவர் முழுவேகத்தில் ஓடும்போது நீங்கள் வாய் ஓயாமல் பேசியாக வேண்டும். மூச்சு வாங்கும் வழிகாட்டி மௌனமாகிவிடுவார், அந்த மௌனத்தில்தான் சாலையோரக் கல் இருக்கும்.

நீச்சலில் இருவர் தொடையையோ இடுப்பையோ இணைக்கும் மீள்கயிறு, சைக்கிளுக்கு இருவர் மிதிக்கும் டாண்டெம், ஓட்டத்தில் கையில் பிடிக்கும் சிறு கயிறு. எங்கேயும் அவரை இழுக்கவோ தள்ளவோ கூடாது, பக்கத்தில்தான் போகவேண்டும். நீச்சல்குளத்தில் கை வீச்சு ஒத்துப்போகும்வரை பழகிவிட்டுத்தான் கடல். டாண்டெமில் அதிகம் விழுவது கிளம்பும்போதும் நிறுத்தும்போதும்தான். எந்தக் கால் முதலில் என்பதை முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொற்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். “பார்த்து, பார்த்து” என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. “மூணு அடியில் படி, ஏறுது” என்றால் கால் தயாராகும். கேட்காமல் கையைப் பிடிக்காதீர்கள். எத்தனை பேர் தன்னைக் கேட்காமல் சாலை கடக்க வைத்திருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வாலிபர் குழு தொண்டூழியர்களாகத் தண்ணீர் நிலையம் ஒன்றை ஏற்றிருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, அங் மோ கியோ

கோப்பையை நிறைக்காதீர்கள், பாதி போதும். நிறைந்தது ஓடுபவர் மூக்கில் ஏறும். விரித்த உள்ளங்கைமேல் வையுங்கள், அல்லது விளிம்பை இரு விரலால் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்த கோப்பை கைமாறும்போது நசுங்கிக் கொட்டிவிடும். ஓடுபவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அவர் போகும் திசையில் இரண்டு எட்டு நகர்ந்து கொடுங்கள். முதல் மேசை தண்ணீர், அடுத்தது ஐசோடானிக் (உப்பும் சர்க்கரையும் கலந்த பானம்), கடைசி மீண்டும் தண்ணீர், தலையில் ஊற்றிக்கொள்பவர்களுக்காக. “தண்ணி! வாட்டர்!” என்று எந்தக் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே நில்லுங்கள். குப்பைத் தொட்டி கடைசி மேசையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருக்கட்டும், குடித்து முடிக்க அவ்வளவு தூரம் ஆகும்.

முதலில் வருபவர்களுக்கு நீங்கள் தேவைப்படமாட்டீர்கள், பலர் வாங்காமலே பறந்துவிடுவார்கள். கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஐஸையும் ஆட்களையும் மிச்சம் வையுங்கள். அப்போதுதான் வெயில் உச்சியில் இருக்கும், நடந்து வருபவர்களும் அப்போதுதான் வருவார்கள். கடைசி ஆள் கடந்த பிறகு மேசையை மடியுங்கள்.